எடை கூடிய கவர்

திருவள்ளூர்,
28-7-1973.

அன்பு மகள் கனகாம்பாளுக்கு அம்மா செங்கம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதச் சொல்வது. இங்கே நான் முழங்கால் வலி ஒன்று நீங்கலாக நல்லபடியாக இருக்கிறேன், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த முழங்கால் வலிகூட இல்லாமல் இருக்க வீரராகவப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். ஆடி பிறந்து இத்தனை நாளாகியும் மழை ஒழுங்காக இல்லை. மில்லில் நெல்லை அவித்துக் களத்தில் கொட்டினால் மேகம் கூடுகிறது, ஓடிப்போய் வாரிக் குவித்தால் வெயில் பல்லைக் காட்டுகிறது, எங்களை வைத்து வானம் விளையாடுகிறது. மாப்பிள்ளைக்கு இரும்பாலையில் உலைப் பக்கம் வேலை மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், மோர் நிறையக் கொடு, தலைக்கு எண்ணெய் வைக்காமல் அனுப்பாதே. குழந்தைக்கு ரொட்டியே கொடுத்துப் பழக்காதே, சோற்றைக் குழைய வடித்துப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து ஊட்டு, சோறு தின்ற உடம்புதான் நிற்கும். அப்பா போன பிறகு சுடுநெல்லில் கால் வேக நடந்து உங்கள் இரண்டு பேருக்கும் நான் குறையில்லாமல் போட்டது அது ஒன்றுதான். இதுவரைக்கும் சுகச் செய்தி. இனிமேல் எழுதுவதை நீ தனியாக உட்கார்ந்து படி, மாப்பிள்ளைக்கு நேரம் பார்த்துச் சொல். உன் தங்கை சந்திரகலா என் தலையில் கல்லைப் போட்டுவிட்டாள்.

அக்கா, இது நான், சந்திரா. கல்லைப் போட்டதும் இந்தக் கைதான், அதை எழுதுவதும் இந்தக் கைதான். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்கிறாள், நான் உள்ளே பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். வேறு யாரிடமாவது எழுதி வாங்கினால் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்று, இன்னொன்று, "உன் யோக்கியதைய உன் கையாலயே எழுதுடி, அப்பத்தான் புத்தி வரும்" என்கிறாள். அவள் பாஷையை வழக்கம்போல் சலவை செய்து போடுகிறேன், விஷயத்தில் கை வைக்கவில்லை, சத்தியம். அவள் ஒரு வரி சொல்வதற்கு நான் பத்து வரி எழுதுவதைப் பார்த்து, "இன்னாடி, எழுதிக்கினே கீறே" என்று கேட்டாள். பிலாய் ரொம்ப தூரம்மா, எழுத்து கொஞ்சம் கூடப் போட்டால்தான் போய்ச் சேரும் என்றேன். நம்பவில்லை, ஆனால் அரிசியில் கல் பொறுக்கக் குனிந்துகொண்டாள். நீயும் நம்பமாட்டாய், அது எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு "சந்திராவுக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினால் என் மனசு குளிரும்" என்று அம்மா சொன்னதாக எழுதியது நான்தான். நீ எழுதிய "இரண்டு நாளாக லேசான ஜுரம்" என்பதை "இரட்டைக் குழந்தை போலிருக்கிறது" என்று படித்துக்காட்டி அம்மாவை மில் முழுக்கச் சர்க்கரை கொடுக்க வைத்ததும் நான்தான். அன்றிலிருந்து நான் எழுதினாலும் அவள் நம்புவதில்லை, படித்தாலும் நம்புவதில்லை. சிரித்துக்கொண்டே பின்னிய கயிறு, இப்போது என் கழுத்தில் கிடக்கிறது. சரி, அம்மா இருமுகிறாள், அடுத்த வரி சொல்லப்போகிறாள்.

கனகா, நான் சொல்வதைப் பதறாமல் கேள். இவளுடைய டிரங்குப் பெட்டியில், போன வருஷத்துப் புத்தகங்களுக்கு அடியில், ரிப்பன் போட்டுக் கட்டிய ரயில் டிக்கெட்டு முப்பத்தொன்று இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் ரயில் டிக்கெட்டு தெரியாதா, உன்னைப் பிலாய்க்கு வண்டி ஏற்ற சென்ட்ரலுக்கு வந்தபோது கையில் வைத்திருந்தேனே, அதே கெட்டி அட்டை, அதே நீளம், அதே மாதிரி நம்பர் அடித்திருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை விற்கும் நம் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவைச் சாடையாக விசாரித்தேன். "உம் பொண்ணா, அது ஸ்கூல் உட்டா ஸ்டேஷனுக்குத்தான வருது, நான் கூப்டாகூட திரும்பாது, அது பாட்டுக்கு உள்ள பூடும்" என்றாள். அப்போதே எனக்குப் பாதி உயிர் போயிற்று. மீதியையும் கேள். மூன்று மாதமாக இவள் வெளியே உட்காரவில்லை. மில் வேலை மும்முரத்தில் நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள், கருவாட்டுக் குழம்பு கொதித்தால் மூக்கைப் பொத்துகிறாள், எழுந்து நின்றால் சுவரைப் பிடிக்கிறாள். நானும் இரண்டு பெற்றவள்தானே. சந்தேகம் தீர உப்பில் ஊறிய மாங்காயை எதிரில் வைத்துப் பார்த்தேன், ஒரு பிடி சோறு வேண்டாம் என்றவள் நாலு துண்டு மாங்காய் தின்றாள். அதற்கு மேல் எனக்குச் சாட்சி எதற்கு? யார், எந்த ஊர் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். வேலைக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அம்மை போட்டிருக்கிறது, யாரும் கிட்டே போகாதே என்று பச்சையம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கதவில் வேப்பிலையும் செருகியாயிற்று.

மறுபடியும் நான், அக்கா. அந்த மாங்காயில் என்ன பெரிய எடை ஏறிவிடப்போகிறது என்று கணக்குப் போட்டுத்தான் தின்றேன். அம்மா ஏன் தலையில் அடித்துக்கொண்டாள் என்று அன்று ராத்திரிவரைக்கும் எனக்குப் புரியவில்லை. அவள் சொன்ன அடையாளம் எல்லாம் நிஜம். தலை சுற்றுவது நிஜம், மூன்று மாதம் நிஜம், சீப்பில் முடி கொத்தாக வருவதை அவள் பார்க்கவில்லை, அதுவும் நிஜம். ஆனால் நான் ஒரு நாளும் ரயில் ஏறவில்லை. எவனும் இல்லை. அந்த அட்டைகள் டிக்கெட் இல்லை. ஸ்டேஷனுக்குள் எடை பார்க்கும் மெஷின் நிற்கிறதே, பத்துப் பைசா போட்டால் கலர் பல்பு எரிந்து சக்கரம் சுற்றி டக்கென்று ஓர் அட்டை விழுமே, அது. ஒரு பக்கம் தேதியும் எடையும், மறுபக்கம் இங்கிலீஷில் ஜோசியம். "நெடுந்தூரப் பயணம் உண்டு" என்று ஒன்றில் இருக்கிறது, நல்ல வேளையாக அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

இது தை மாதம் ஆரம்பித்தது. தாவணிக்கு ஜாக்கெட் தைக்கப் போனேன். டைலர் துளசிராமனை உனக்குத் தெரியும், உள்ளே தையல் மிஷினில் இருக்கும் பெண்டாட்டி எழுதிக்கொள்ளட்டும் என்று அளவைக் கடைத்தெருவுக்கே கூவுவாரே, எல்லோருக்கும் கூவுகிற மாதிரிதான் எனக்கும் கூவினார். அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். கூவிவிட்டு, "இன்னாமா இது, ஒரு ஆளு துணிய எடுத்துக்கினு வந்து ரெண்டு ஆளு அளவு குடுக்கறே" என்றார். பெஞ்சில் என் வகுப்புப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அண்ணே, பெருமாள் தேருக்குத் தைச்ச சீலை மிச்சம் கெடந்தா அத்த வச்சு ஒட்டுப் போட்டுடு" என்றேன். கடையே சிரித்தது, துளசிராமன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பெயர் தேர். "தேரு வருது, வழி உடு", "தேரு திரும்புது, கட்டை போடு". பெயர் வைத்தவளே நான், யார் மேல் கோபித்துக்கொள்வது? நான் தேர் மாதிரியே ஆடி ஆடி நடந்துகாட்டினேன். அன்று சாயங்காலம்தான் முதல் அட்டை விழுந்தது.

அப்புறம் எனக்குப் பக்தி முற்றிவிட்டது. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி நம் பெருமாளுக்கு, ஞாயிறு சூரியனுக்கு என்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு விரதம். புதன்கிழமைக்கு ஆள் அமையவில்லை, தலைவலி என்று ஒரு தேவதையை நானே பிரதிஷ்டை செய்தேன். அம்மா மில்லில் போய், "எம் பொண்ணு மாதிரி சாமி கும்புட்ற புள்ள இந்தத் திருவள்ளூர்லயே கெடையாது" என்று பெருமை பேசினாள், என் பெயரைச் சொல்லி அவளும் இரண்டு வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாள். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் பன் வாங்கித் தின்னச் சொல்லி அவள் தரும் பத்துப் பைசாவை எனக்குப் பதில் மெஷின் தின்றது. எண் இறங்கிய அன்று நான் தெருவில் நடக்கமாட்டேன், மிதப்பேன். ஏறிய அன்று யாரோ என்னைக் கிணற்றில் இறக்கி மேலே பலகை போட்டு மூடிய மாதிரி இருக்கும். முதலில் இந்த எண் வந்தால் போதும் என்று ஒன்று வைத்திருந்தேன், அது வந்தது. வந்த அன்றைக்கே அது போதவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போது யாரும் தேர் என்று கூப்பிடுவதில்லை, அக்கா. எப்போது நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை, எனக்குள்ளே நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இல்லை. ரிப்பனை அவிழ்த்து அட்டைகளை என் மூஞ்சியில் எறிந்தாளே, அப்போதே சொன்னேன், இது டிக்கெட் இல்லைம்மா, எடை அட்டை, இதோ படிக்கிறேன் கேள் என்று. "எடை போட்டுப் பாக்க நீ இன்னா நெல்லு மூட்டையா? நீ என்னிக்கு ஒழுங்கா படிச்சே, ஜொரத்தை ரெட்டைப் புள்ளைன்னு படிச்சவதானே" என்றாள். சரி, எடைதான் என்றால் எதற்கு முப்பத்தொரு தடவை என்று கேட்டாள் பார், அந்தக் கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்தை வைத்துத்தான் அம்மா முடிவு கட்டிவிட்டாள். இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டு என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் நினை. எவனோ ஒருவன் இருக்கிறான் என்று அம்மா நினைத்தால் கல்யாணம் வரும். எடைக்காகத்தான் என்று அவளுக்குத் தெரிந்தால் சோறு வரும், எதிரில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டுவாள். இரண்டில் எது பரவாயில்லை என்று நான் யோசித்தேன். ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அதுதான் எனக்கு இப்போது பெரிய பயம்.

அம்மா சொல்கிறாள்: கனகா, ஊர் வாய்க்கு வருவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். கடம்பத்தூரில் என் தம்பி மணவாளன் இருக்கிறான், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் கடை நன்றாக ஓடுகிறது, குடி கிடையாது. வயசு முப்பத்தாறு என்று பார்த்தால் ஆகாது, தாய்மாமன் என்றால் நாளைக்கு ஒரு சொல் சொல்லமாட்டான், குழந்தை முன்னே பின்னே பிறந்தாலும் வெளியே விடமாட்டான். அவனிடம் முழுசும் சொல்லவில்லை, பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை, கட்டிக்கொள் என்றேன், "ஒன் இஷ்டம்க்கா" என்றான். ஆடி கழியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஆவணி பிறப்பதற்குள் வந்து சேரவேண்டும். மாப்பிள்ளை சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆண் துணை இல்லாத வீடு என்று யாரும் பேசமாட்டார்கள். நான் சொல்வது பொய்யில்லை என்று நீ பார்த்துக்கொள்ளத்தான் டிக்கெட்டுகளையும் இதிலேயே வைத்து அனுப்புகிறேன்.

அக்கா, பெயரே மணவாளன், இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில் பார்த்தாலும் கிடைக்காது. சின்ன வயசில் என்னைப் பழைய டயரில் உட்காரவைத்து உருட்டிய மாமா. போன ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வந்தார். நான் தட்டை வைக்கும்போது நிமிர்ந்து பார்த்து, "இன்னா புள்ள, இப்டி எளைச்சுப் பூட்டே, எலும்பு தெரியுது" என்றார். நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். என் விஷயம் இன்னதென்று தெரியாமல் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிற மனிதர், பாவம், அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வரவில்லை. எலும்பு தெரிகிறது என்று அவர் சொன்னது உள்ளே வெல்லப்பாகு மாதிரி இனித்தது. உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அம்மா போட்ட தாழ்ப்பாளைப் பற்றி நான் புலம்புகிறேன் என்று நினைக்காதே. நாளைக்கே அவள் கதவைத் திறந்துவிட்டால் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன், நேரே அந்த மெஷினுக்குத்தான் போவேன். பூட்டிப்போட்டு ஒன்பது நாள், எண் தெரியாமல் ஒன்பது நாள். முந்தாநாள் அம்மாவிடம், என்னையும் மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போ, கூட நின்று நெல் வாருகிறேன் என்று கெஞ்சினேன், அவளுக்குக்கூட மனசு கொஞ்சம் இளகியது. நான் நினைத்தது நெல்லை இல்லை அக்கா, அங்கே மூட்டை எடை போடும் தராசு இருக்கிறது.

சமையல்கட்டுக்கு அம்மா உலை வைக்கப் போயிருக்கிறாள், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நேற்றே ஒரு வேலை செய்தேன். பழைய நோட்டு அட்டையை அதே அளவில் முப்பத்தொரு துண்டாக வெட்டி, ரிப்பன் சுற்றி, கவரில் போட வைத்திருந்த கட்டை எடுத்துவிட்டு இதை வைத்துவிட்டேன். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது, நீயும் சந்திராவின் வழக்கமான குறும்பு என்று சிரித்துவிட்டு விட்டிருப்பாய், கல்யாணம் நடந்திருக்கும், அந்த வீட்டில் நான் எத்தனை விரதம் வேண்டுமானாலும் இருந்திருப்பேன், கேட்க ஆள் இல்லை. நிஜ அட்டைகள் என்னிடமே இருந்திருக்கும், அதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு, "எவன் பொறுப்போ, என் கொழந்த இப்டி ஆய்ட்ச்சே, எதுனா ஒரு வாய் துன்னு கண்ணு" என்று என் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். அங்கே ஒரு பேரப்பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொண்டு அத்தனை பதமாகத் தடவினாள். அங்கே ஒன்றுமே இல்லை, அக்கா. சோறுகூட இல்லை. அதனால் நோட்டு அட்டைகளை அடுப்பில் போட்டுவிட்டேன், அசல் அட்டைகள்தான் இந்தக் கவரில் இருக்கின்றன. தேதிப்படி அடுக்கிப் படி. ஜோசியத்தைப் படிக்காதே, எண்ணைப் படி. நான் எழுதியதை நம்பவேண்டாம், மெஷின் அடித்ததை நம்பு.

இன்னும் ஒன்று, இதை மறந்துவிடாதே. பதிலை இந்த வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. வந்தால் படிப்பது நான். நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், "சந்திராவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, அவள் சாப்பிடுவதே இல்லை" என்று நீ எழுதினால், "சந்திராவை விசாரித்ததாகச் சொல்" என்று படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துவிடுவேன். இப்போது இதை எழுதுகிற சந்திராவை நம்பு, அப்போது படிக்கப்போகிற சந்திராவை நம்பாதே. மில் கணக்குப்பிள்ளை தணிகாசலம் பெயருக்கு மில் விலாசம் போட்டு எழுது. அவர் படித்துச் சொன்னால் அம்மா நம்புவாள். ரயில் ஏறவில்லை, பட்டினி கிடக்கிறாள் என்று மட்டும் எழுது, மற்றது எதுவும் அவருக்குத் தெரியவேண்டாம். ஆவணி பிறக்கப் பதினெட்டு, பத்தொன்பது நாள் இருக்கிறது. கடிதம் போய் வர எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கவரைத் தபால் ஆபீஸில் தராசில் வைப்பார்கள், கூட ஸ்டாம்பு ஒட்டச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் எடை கூடியது இந்தக் கவர் ஒன்றுதான்.

அம்மா வந்துவிட்டாள், முடிக்கச் சொல்கிறாள். கனகா, நான் கோபத்தில் ஏதாவது கூடக் குறையச் சொல்லியிருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதே. எந்தத் தப்பு செய்திருந்தாலும் அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தான், அவளை அடிக்கவில்லை, அடிக்கக் கை வரவில்லை, தொட்டால் ஒடிந்துவிடுவாள் போல இருக்கிறாள். நீ வரும்போது அவளுக்கு ஏதாவது தின்ன ஆசையாகக் கொண்டு வா, உன் கையால் கொடுத்தால் தின்பாள். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம், நீ தீர்க்காயுசாகப் பிள்ளை குட்டியோடு நிறைந்து இருக்கவேண்டும். டிக்கெட்டுகளை நானே எண்ணிக் கவரில் போட்டேன், முப்பத்தொன்று. ஒன்று குறைந்தாலும் இவள் எடுத்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

அக்கா, எண்ணிப் பார், முப்பத்திரண்டு இருக்கும். பூட்டுவதற்கு முதல் நாள் விழுந்தது அது, இருப்பதில் குறைந்த எண், அம்மா கையில் சிக்காமல் ஒன்பது நாளும் என் தலையணை உறைக்குள் இருந்தது. அதையும் போட்டுவிட்டேன். கவரை ஒட்டிவிட்டால் எடுக்க முடியாது என்பதால் பசையை இப்போதே கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
செங்கம்மாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)